பனிக்குப் போகாத சனிக்கிழமை

விஜயரத்தினம் மெல்பேர்னில் தொலைபேசிக் கோபுரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருபது ஆண்டுகள் இருந்தவர். குளிர்காலத்தில் பனிமலைக் கோபுரங்களுக்கும் போகவேண்டியிருந்ததால், பனியில் வழுக்காத டயர்கள் பூட்டிய நாலு சில்லுகளைத் தனியாக வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் காற்றழுத்தத்தை அளந்து காருக்குச் சொல்லும் சென்சர் இருந்தது. அந்த மலைக்கு மனைவி இராஜேஸ்வரியை ஒருநாளும் கூட்டிப்போனதில்லை. "ரிட்டயர் பண்ணினாப் பிறகு போவம்" என்பார்.

2012இல் அவர் ஓய்வுபெற்ற மாதமே இராஜேஸ்வரிக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரியவந்தது. அங்கே குளிர்காலமான ஆகஸ்டில், இனிச் சிகிச்சையால் பயனில்லை என்றார்கள்.

"பனியை ஒருக்காத் தொட்டுப் பாக்கவேணும்," என்றார் இராஜேஸ்வரி. வேறொன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை போவதென்று முடிவாயிற்று. பழைய காரை விற்றுவிட்டு அதே வகையில் புதியது வாங்கியிருந்தார்கள். வெள்ளி காலை, பழைய சில்லுகளைக் கிளேட்டனில் டயர்க் கடை வைத்திருந்த ஜசிந்தனிடம் கொண்டுபோனார். சில்லுகள் அளவாகப் பொருந்தின. ஜசிந்தன் ஒரு கருவியைச் செருகிப் பழைய சென்சர்களின் இலக்கங்களைப் புதிய காரில் பதிந்தார். மூன்று பதிவாகின. நாலாவது வாய் திறக்கவில்லை.

"உள்ளுக்கு பற்றரி செத்துப்போச்சு அண்ணை. புதுசு சிட்னியிலயிருந்து வர செவ்வாய் ஆகும். காத்து சரியா இருக்கு, நான் கையால அளந்து பாத்தனான். லைட் மட்டும் எரியும். பயப்பிடாமல் ஓடலாம்."

எச்சரிக்கை விளக்கு எரிய விட்டுவிட்டு ஒரு கோபுரத்திலிருந்தும் இறங்காத மனிதர் அவர். நோயாளியை ஏற்றிக்கொண்டு மலை வளைவுகளில் அப்படிப் போக மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து, பயணத்தை அடுத்த சனிக்குத் தள்ளிவைப்போம் என்றார்.

"லைட் எரிஞ்சா என்ன? நாளைக்கே போவமே," என்றார் இராஜேஸ்வரி.

"ஒரு கிழமைதானே ராசேஸ். நீர் கவலைப்படாதையும், பத்திரமாப் போவம்."

"ஓம்," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சென்சர் வந்தது. விளக்கு அணைந்தது. புதன் காலை இராஜேஸ்வரியால் எழும்ப முடியவில்லை. வெள்ளி மத்தியானம், ஆஸ்பத்திரியில், எல்லாம் முடிந்துவிட்டது.

செத்தவீடு முடிந்து சனம் கலைந்தபின் அவர் போய்க் காருக்குள் இருந்தார். மகள் நிவேதிகா பக்கத்து இருக்கையில் ஏறினாள்.

"அப்பா, அம்மாவுக்கு வருத்தம் முத்தியிருந்தது. இதில உங்கட பிழை ஒண்டுமில்லை."

"அந்தச் சனிக்கிழமை கொம்மா தானே எழும்பித் தேத்தண்ணி போட்டவ, பிள்ளை. எனக்கும் ஒண்டு தந்தவ. போயிருக்கலாம்."

நிவேதிகா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கோடை வந்தும் அவர் அந்தப் பனிச் சில்லுகளை மாற்றவில்லை. சுடுதார் வீதியில் அவற்றோடுதான் கடைக்கும் கோயிலுக்கும் போய்வந்தார். டிசம்பரில் ஜசிந்தன் குனிந்து பார்த்துச் சொன்னார்: "இந்த வெக்கைக்கு இது கெதியாத் தேஞ்சு முடிஞ்சிடும் அண்ணை."

"தேயட்டும், தம்பி," என்றார் விஜயரத்தினம்.