நாய்க்குக் கேசிங் இறக்கினோம்

நான் கோழி டாக்டர். நாமக்கல் பக்கம் இதைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள், பெண் கேட்டுக்கூட வருவார்கள். ஆனால் என் தொழிலில் ஒற்றைக் கோழி என்று ஒரு ஜீவனே கிடையாது. ஒரு கோழி நொண்டினால் எனக்கு யாரும் போன் செய்வதில்லை. ஷெட்டில் பாதி நொண்டினால்தான் கூப்பிடுவார்கள். நானும் போய்த் தண்ணீர்த் தொட்டியில் மருந்தைக் கலக்கச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். எந்தக் கோழியையும் மடியில் வைத்து, எங்கே வலிக்கிறது என்று நான் கேட்டதில்லை.

நான் மாடியில் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அக்காவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. ஒரு நாள் காலையில் நாயைச் சாக்கில் ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறி வந்துவிட்டார். பழுப்பு நிற நாட்டு நாய். தெருவில் போகும் முட்டை வண்டியைத் தினமும் துரத்துவது அவன் வழக்கம். அன்றைக்கு எட்டிப் பிடித்துவிட்டான். வலது முன்னங்கால் வீங்கித் தொங்கியது.

"கோழிக்குத்தான பாக்கற நீயி? நாலு காலுன்னா தெரியுமா சாமி?" என்றார் அக்கா.

"படிச்சிருக்கேங்க்கா" என்றேன். படித்ததோடு சரி என்பதைச் சொல்லவில்லை.

ஊருக்குள் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் விரிசல், ஆனால் விலகவில்லை. கால் அசையாமல் கட்டி வைத்தால் கூடிவிடும். கட்டுவதற்கு உட்கார்ந்தபோது அக்காவின் போன் அடித்தது. அண்ணன், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், வீடியோவில் வந்தார். அவருக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி இருக்கிறது. சத்தீஸ்கர் பக்கம் ஊர் ஊராகப் போர் போடுகிறார். பொங்கல் முடிந்து கிளம்பியவர், வைகாசி வந்தும் திரும்பவில்லை. அந்த நாயைக் குட்டியாக ரிக் வண்டியில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவரே அவர்தான்.

"எதை வெச்சுங்க டாக்டரம்மா கட்டறீங்க?"

"அரை வட்டமா அறுத்த பிவிசி பைப்புங்கண்ணா. உள்ள பஞ்சு சுத்திட்டு, வெளியில இதை வெச்சு..."

"கேசிங்கு" என்றார், போர்க் குழியில் மண் சரியாமலிருக்க இறக்கும் குழாயை நினைத்துக்கொண்டு. அவ்வளவுதான், அந்த நிமிடத்திலிருந்து என் கையில் இருந்தது நாய் இல்லை, போர்வெல். "அவசரப்பட்டு எறக்காதீங்க. கேசிங்குக்கும் மண்ணுக்கும் நடுவுல சந்து இருந்தா ஆட்டங் குடுக்கும். பஞ்ச நல்லா அடைங்க. எத்தன அடி எறக்கறீங்க?"

"ஒரு சாணுங்கண்ணா."

"பத்துமா?"

மேல் மூட்டும் கீழ் மூட்டும் உள்ளே அடங்கினால் போதும் என்று விளக்கினேன். பைப்பின் விளிம்பு தோலைக் கிழிக்காமலிருக்க மெழுகுவர்த்தியில் வாட்டி வெளிப்பக்கம் வளைத்தேன். நடு விரல் இரண்டையும் மட்டும் வெளியே தெரிய விட்டேன். அவை வீங்கினாலோ சில்லிட்டாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம். அண்ணன் விரலைக் கிட்டத்தில் காட்டச் சொல்லிப் பார்த்தார். "மோட்டார் வெக்கறதுக்கு இடம் உட்டிருக்கீங்க, சரி" என்று ஒப்புதல் கொடுத்தார்.

நாய்க்கு மட்டும் இந்த வேலைப்பாடு பிடிக்கவில்லை. கட்டைக் கடிக்காமலிருக்க, அடிப்பக்கம் அறுத்த பெயிண்ட் வாளி ஒன்றைக் கழுத்தில் மாட்டினோம். அதற்குள்ளிருந்து அவன் குரைத்தால் தெருக்கோடி வரை கேட்டது. ஒன்றுக்குப் போகும்போது கட்டு நனையாமலிருக்கக் காலில் பால் கவரை மாட்டிவிடுவார் அக்கா. வாளியும் கவருமாக அவன் வாசலில் வந்து நின்றால், முட்டை வண்டிக்காரர் வண்டியை மெதுவாக்கி வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார். இது அவனுக்குப் பெரிய அவமானம்.

இதற்கு முன்பு அண்ணன் எப்போதாவதுதான் கூப்பிடுவார். டீசலைப் பற்றி இரண்டு வார்த்தை, போனை வைத்துவிடுவார். கட்டுப் போட்ட நாளிலிருந்து தினமும் சாயங்காலம் வீடியோ வந்தது. அக்கா தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு போனை எடுப்பார். அந்தப் பக்கத்திலிருந்து முதலில் வரும் சொல் இதுதான்: "மூஞ்சியக் காட்டாத புள்ள, காலக் காட்டு."

"நாஞ் சீவுனது ஆருக்கு?" என்று என்னிடம் கேட்பார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் கேட்பார். எனக்குத்தான் கோபம் வரும்.

ஆனால் அண்ணன் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். கட்டுப் பிரிக்கிற அன்றைக்கு வீட்டில் இருப்பேன் என்று. அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். மெத்தை உறையைத் துவைத்தார். அவருக்கு எள்ளுருண்டை பிடிக்க எள்ளு வாங்கிக் காய வைத்தார்.

நாள் வந்தது. அண்ணன் வரவில்லை. மழை பிடிப்பதற்குள் இன்னும் இரண்டு போர் என்றார். அதற்கப்புறம் இன்னும் நாலு என்றார். எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டிருந்தது. அதற்கு மேல் கட்டு இருந்தால் மூட்டு இறுகிவிடும், தோலும் புண்ணாகும். இனி ஒரு நாள்கூட விட முடியாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லி, பிரித்துவிட்டேன்.

நாய் எழுந்து நாலு காலில் நின்றான். அக்கா அவனைப் பார்க்காமல் பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறிப்போச்சுன்னு தெரிஞ்சா, அப்பறம் என்னத்துக்கு வாரேன்னு அங்கயே இருந்துக்குவாரு கண்ணு."

அதற்கு நான் படித்த படிப்பில் மருந்து இல்லை. யோசித்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் தளர்வாக வெறும் துணியை மட்டும் சுற்றிக் காட்டினேன். வீடியோ முடிந்ததும் கழற்றிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. டாக்டர் செய்கிற காரியம் இல்லைதான்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் நாய்க்கு வேஷம் கட்டினோம். துணியைச் சுற்றியதும் வலது காலைத் தூக்கினால் பிஸ்கட் கிடைக்கும் என்று இரண்டே நாளில் கற்றுக்கொண்டான். மூன்றாம் நாள் துணியை எடுக்கும்போதே காலைத் தூக்கிவிட்டான். முகத்தையும் சோகமாக வைத்துக்கொண்டான். எனக்கே சில சமயம் சந்தேகம் வந்து தொட்டுப் பார்ப்பேன்.

ஒரு நாள் மோகனூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் வேலை இழுத்துவிட்டது. நான் வருவதற்குள் வீடியோவே முடிந்திருந்தது. அக்கா தானே கட்டியிருந்தார். வாசலில் நாய்க்குத் துணியை இன்னும் கழற்றியிருக்கவில்லை. கட்டு இடது காலில் இருந்தது. அவன் கடமை தவறாமல் வலது காலைத் தூக்கிக்கொண்டு, கட்டுப் போட்ட காலில் அழுத்தமாக நின்றிருந்தான்.

"அண்ணன் என்னங்க்கா சொன்னாரு?"

"ஒண்ணுஞ் சொல்லல. கொஞ்ச நேரம் பாத்தாரு. சரி புள்ளன்னு வெச்சுட்டாரு." அப்புறம்தான் அக்காவும் நாயைப் பார்த்தார். படியில் உட்கார்ந்துவிட்டார். "நெட்டு சரியில்ல. தெரிஞ்சிருக்காது" என்றார், என்னைப் பார்க்காமல்.

அடுத்த நாள் சாயங்காலம் போன் வரவில்லை. அக்கா பூ வாடும் வரை வைத்திருந்துவிட்டு எடுத்துப் போட்டார். நான் மாடிக்குப் போய் அழுதேன். கோழிகளுக்காக நான் அழுததில்லை.

அதற்கு மறுநாள் காலை, நான் பண்ணைக்குக் கிளம்பிப் படியிறங்கும்போது, வாசலில் ஆட்டோ நின்றது. அண்ணன் பையோடு இறங்கினார். நாய் நாலு காலில் பாய்ந்து அவர் நெஞ்சின் மேல் ஏறினான். அக்கா குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கட்டு நேத்துத்தானுங்க பிரிச்சோம்" என்றார் அக்கா, சட்டென்று.

"எந்தக் காலுல?"

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் செருப்பைத் தேடுவதுபோலப் படியிலேயே குனிந்து நின்றேன்.

"நாயிக்கு ஆறிப்போச்சுன்னு தெரிஞ்சு போச்சு புள்ள" என்றார் அண்ணன். "அப்பறம் ஆருக்கு வலிக்குதுன்னு பாக்கலாமுன்னு வந்தேன்."

"மீதி நாலு போரு?"

"மழைக்கு அப்பறம் போட்டுக்கலாம்."

அக்கா குழாயை மூடினார். தலை சீவியிருக்கவில்லை, பூவும் இல்லை. நைட்டியின் மேல் துண்டு, முகத்தில் பாதி மஞ்சள். அண்ணன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே நாய் அவர் காலடியில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கிக் காட்டினான். யாரும் திரும்பாததால், கொஞ்சம் யோசித்து இடது காலையும் தூக்கிப் பார்த்தான்.