அம்மா, அது என் வசனம்!

என் அம்மாவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது, ஓடுகிற பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. நீங்கள் ‘ஹலோ’ என்று வாயைத் திறப்பதற்குள் அவள் ‘தேங்க் யூ, பை’ வரைக்கும் போய் போனை வைத்திருப்பாள்.

அம்மாவுக்கு ஒரு பெரிய லாண்டரியில் வேலை. ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் பெட்ஷீட்டுகளை அங்கே வெளுத்து, பிழிந்து, ஆவியில் கொதிக்கும் ரோலருக்குள் விட்டு இஸ்திரி போட்டு அனுப்புவார்கள். அந்த ரோலருக்கு முன்னால்தான் அம்மா நிற்கிறாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோதும் அங்கேதான் நின்றாளாம். இத்தனை வருடமும் குடித்த ஆவி இப்போது இருமலாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. சாயங்காலம் அவள் மாடிப்படி ஏறும்போதே அந்த இருமல் கேட்கும். எனக்கு அது ஒரு வசதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்ன விஷமம் செய்துகொண்டிருந்தாலும், மூன்று இருமலுக்குள் தடயத்தை மறைத்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிடுவேன்.

டாக்டர் மட்டும் அதை வசதியாக நினைக்கவில்லை. “அந்த ஆவியை விட்டு வெளிய வாங்கம்மா. இல்லேன்னா நான் மாத்திரை எழுதிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்” என்றார்.

வெளியே வருவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. லாண்டரியின் முன்பக்கம் கண்ணாடி போட்ட ஒரு கவுண்ட்டர் அறை. ஃபேன், சக்கரம் வைத்த நாற்காலி, போன். அங்கே இருந்த பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள். உள்ளே வேலை செய்பவர்கள் யார் வேண்டுமானாலும் அந்த இடத்துக்கு வரலாம் என்று மேனேஜர் மேடம் சொல்லிவிட்டார். ஆனால் ஹோட்டல்காரர்கள் போனில் இங்கிலீஷில்தான் பேசுவார்கள், அதனால் மாதக் கடைசியில் ஒரு பரீட்சை. பாடங்களை எல்லாருடைய போனுக்கும் அனுப்பிவிட்டார்கள். கஸ்டமர் ஒன்று பேசுவார், கவுண்ட்டர் பெண் ஒன்று பேசுவாள். அதுதான் பாடம்.

வீட்டில் வாத்தியார் நான். நானும் பள்ளிக்கூடமும் ஒன்பதாம் வகுப்போடு மனமொத்துப் பிரிந்துவிட்டோம். என் இங்கிலீஷ் முழுக்க, போனில் முகம் தெரியாத வெளிநாட்டுப் பையன்களோடு துப்பாக்கி விளையாட்டு விளையாடிக் கற்றது. அதில் பாதியை அம்மா முன்னால் சொல்ல முடியாது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு பாடம் ஆரம்பித்தேன்.

முதலில் ஆபீஸ் வார்த்தைகள். காகிதத்தில் எழுதி வீடு முழுக்க ஒட்டினேன். அரிசி டப்பாவில் ‘ஸ்டாக்’. குளியலறைக் கதவில் ‘மீட்டிங் நடக்கிறது, தொந்தரவு செய்யாதீர்கள்’. ராத்திரி காவல் வேலை பார்த்துவிட்டுப் பகலில் குப்புறத் தூங்கும் அப்பாவின் முதுகில் ‘பெண்டிங்’. அப்பா எழுந்து சட்டையை அப்படியே இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

“என்னண்ணே பெண்டிங்?” என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார்.

அப்பா முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, “கல்யாணம் ஆனதுலேர்ந்து எல்லாமே பெண்டிங்தான்” என்றாராம். திரும்பி வந்து என் காதைத் திருகினார். ஆனால் அந்த வார்த்தை அம்மாவுக்கு அன்றோடு மனப்பாடம்.

அடுத்தது இலக்கணம். இதில்தான் எனக்கு முதல் நரைமுடி வந்திருக்க வேண்டும்.

“அனுப்பிட்டோம், அனுப்பிக்கிட்டிருக்கோம், அனுப்புவோம். மூணும் வேற வேறம்மா.”

“வண்டி கிளம்பிடுச்சுன்னு சொன்னா போதாதா?”

“நிஜமா கிளம்பிடுச்சுன்னா அப்படிச் சொல்லலாம்.”

“கிளம்பலைன்னாலும் நாங்க அப்படித்தான்டீ சொல்வோம்.”

“அதுக்கு இங்கிலீஷ்ல தனியா ஒரு காலம் கிடையாதும்மா.”

“அப்புறம் என்ன பெரிய இங்கிலீஷு?”

இதையெல்லாம்கூடத் தாண்டிவிட்டோம். அம்மா கெட்டிக்காரி. ரோலருக்கு முன்னால் நின்றபடியே காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பாடங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எல்லாவற்றையும் நெட்டுருப் போட்டுவிட்டாள். வினையே அங்கேதான். எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்.

“நான் கஸ்டமர், நீ கவுண்ட்டர். நான் பேசி முடிச்சப்புறம்தான் நீ பேசணும். சரியா?”

“சரி, சரி. ஆரம்பி.”

“ஹலோ, ஐ ஆம் காலிங் ஃப்ரம் த ஹோட்டல். அவர்...” மூச்சு வாங்கினேன். அவ்வளவுதான் நான் செய்த தப்பு.

“அவர் பெட்ஷீட்ஸ் ஆர் லேட். ஓ, ஐ ஆம் வெரி சாரி, சார். வென் வில் தே கம்? தே வில் கம் பை ஃபோர் ஓ க்ளாக். தேங்க் யூ. யூ ஆர் வெல்கம். பை.”

“அம்மா, அதுல பாதி என் வசனம்!”

“நீதான் நிறுத்துன.”

“மூச்சு விட்டேம்மா! கஸ்டமருக்கு மூச்சு விடக்கூட உரிமை இல்லையா?”

தினமும் இதே கதை. இருமினேன், என் வசனம் போச்சு. கொட்டாவி விட்டேன், போச்சு. ஒருநாள் குளியலறைக்குள் ஒளிந்துகொண்டு கிழவர் குரலில் போன் செய்தேன். நான் ‘ஹலோ’ சொல்லிக் குரலைச் சரிசெய்வதற்குள் கிழவரின் புகாரையும் அதற்குப் பதிலையும் அவளே சொல்லி, கிழவரைச் சமாதானப்படுத்தி, நன்றியும் வாங்கிக்கொண்டு வைத்துவிட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கெட்டை உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம்.

இப்படி என் வசனத்தையெல்லாம் முழுங்குகிறவள், தன்னுடைய வசனத்தில் புது வார்த்தை வந்தால் மட்டும் கல்லாகச் சமைந்துவிடுவாள். அப்போது நான் தரையில் மல்லாந்து, காலிரண்டையும் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு, “டே...க் யுவர் டை...ம், மே...டம்” என்று ராகம் போட்டு இழுப்பேன். மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமே இல்லை என்று அர்த்தம். விளையாட்டில் நான் குறி தவறும்போதெல்லாம் ஒரு பையன் என்னை இப்படித்தான் வெறுப்பேற்றுவான். பாடத்தில் எங்கேயும் இல்லாத வசனம். ஒவ்வொரு தடவையும் அம்மா கையில் கிடைப்பதை என் மேல் விட்டெறிவாள். பெரும்பாலும் பிடிதுணி.

ஒருநாள் அம்மா சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். கொடுப்பதற்காக லாண்டரிக்குப் போனேன். கவுண்ட்டர் அறைக்கும் உள்கூடத்துக்கும் நடுவே மூட்டைகளைத் தள்ளிவிட ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் வழியாக எட்டிப் பார்த்தேன்.

ரோலருக்கு முன்னால் அம்மா ஒரு பக்கம், சீப்பு அத்தை மறுபக்கம். கொண்டையில் எந்நேரமும் ஒரு சீப்பைச் செருகியிருப்பதால் அத்தைக்கு அந்தப் பெயர். அம்மாவுக்கு இத்தனை வருடமும் அவள்தான் ஜோடி. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, பெட்ஷீட்டை விறைப்பாக இழுத்து, ரோலரின் வாயில் ஒரே சமயத்தில் கொடுக்க வேண்டும். மெஷின் போடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அத்தை தும்மினாள். அவள் கை ஒரு கணம் தாமதித்தது. அதற்குள் அம்மாவின் இடதுகை பாய்ந்து போய் அந்த முனையையும் பிடித்து, இரண்டையும் சேர்த்து உள்ளே கொடுத்துவிட்டது. அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த பெட்ஷீட்டை எடுத்துவிட்டாள்.

டப்பாவை வாங்க வந்த அம்மாவிடம் கேட்டேன். “அவங்க முனைய நீ எதுக்குப் பிடிச்ச?”

“பிடிக்கலைன்னா கோணிக்கும். கோணிக்கிட்டா ரோலர்ல சுத்திக்கும். அப்புறம் மெஷின நிறுத்தி, ஆறவெச்சு, கத்தியால அறுத்துத்தான் எடுக்கணும். இதெல்லாம் ஒரு கேள்வியா? போடீ, வெயிலுக்கு முன்னாடி வீடு போய்ச் சேரு.”

நான் வீடு போய்ச் சேர்ந்ததும் நேராக அப்பா போர்த்திக்கொண்டு தூங்கிய விரிப்பை உருவினேன்.

சாயங்காலம் அம்மா கையில் அதன் ஒரு முனையைக் கொடுத்து, மறுமுனையை நான் பிடித்து விறைப்பாக இழுத்தேன். “இதோ பாரும்மா. நான் பேசாம நின்னாலும் என் முனை இறுக்கமா இருக்குல்ல? அப்போ நான் இன்னும் பிடிச்சிருக்கேன்னு அர்த்தம். ஒண்ணும் சுத்திக்காது. நான் தளர்த்தினாத்தான் உன் முறை.”

அம்மா விரிப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “இத முதல்லயே சொல்றதுக்கு என்ன?” என்றாள். இத்தனை நாள் தொண்டை வறளக் கத்தியவளுக்குக் கிடைத்த பரிசு இது.

அதற்காக உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. வாயை மூடினாள், ஆனால் உதடுகள் என் வசனத்தைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தன. அதை நிறுத்தினால் புருவம் சொன்னது. நடுவே அப்பா வேறு, “விரிப்பக் குடுங்கடி ரெண்டு பேரும், கொஞ்சமாவது தூங்கிட்டு வேலைக்குப் போறேன்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆனாலும் மாதக் கடைசிக்குள், நான் மூச்சு விடலாம் என்கிற நிலைமை வந்துவிட்டது.

பரீட்சை கவுண்ட்டர் அறையில். அன்று மாத்திரை கொடுக்கிற சாக்கில் போய், உள்கூடத்தில் மூட்டைகளுக்கு நடுவே, ஜன்னலில் கண்ணையும் காதையும் வைத்து உட்கார்ந்துகொண்டேன். பேக்கிங் பகுதி அண்ணன் ஒருவர் எங்களுக்கு முன்னால் முடித்துவிட்டு வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் பிரமாதமாகச் செய்துவிட்டது தெரிந்தது.

மேனேஜர் மேடம் அம்மாவிடம், “கஸ்டமரா பேச உங்க ஆள் ஒருத்தரக் கூப்பிட்டுக்கங்க. என்ன பேசணும்னு அவங்ககிட்ட நான் சொல்லிடறேன்” என்றார். பிறகு, “ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. கஸ்டமர் பேசும்போது குறுக்க பேசினா வேலை கிடையாது. அந்தப் பழக்கத்தாலதான் போன மாசம் ஒரு ஹோட்டல் நம்மள விட்டே போயிடுச்சு” என்றார்.

அம்மா யாரைக் கூப்பிட்டிருப்பாள் என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். சீப்பு அத்தை கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மேடம் அவள் காதில் நாலு வாக்கியம் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு போன்.

“குட் மார்னிங். ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?” அம்மாவின் குரல் கணீரென்று இருந்தது. ஒரு இருமல்கூட இல்லை.

“ஹலோ. ஐ ஆம் காலிங் ஃப்ரம் த ஹோட்டல்” என்றாள் அத்தை. முதல் வாக்கியம் தாண்டியாயிற்று. “அவர்...”

அத்தை நின்றுவிட்டாள். மேடத்தைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கொண்டையிலிருந்த சீப்பைத் தொட்டுப் பார்த்தாள். காது இரண்டும் சிவந்துவிட்டன. எனக்குப் பின்னால் ரோலர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வசனம் என்னவென்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தூக்கத்திலும் தெரியும். அவளுடைய இடதுகை மேஜை மேல் துள்ளியதை நான் பார்த்தேன். அத்தை பக்கமாகப் பாதி தூரம் போய்விட்டது. உதடும் பிரிந்துவிட்டது. ‘வேண்டாம்மா, வேண்டாம்மா’ என்று மூட்டையின் முடிச்சைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தேன். போன கை திரும்பி வந்தது. தன் ஏப்ரனின் முனையைச் சுருட்டி, அதை விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டது.

அப்புறம் அம்மா சொன்னாள்.

“டே...க் யுவர் டை...ம், மே...டம்.”

அதே ராகம். அதே இழுப்பு. அந்த வசனத்தை அவள் கேட்டதே என் வாயிலிருந்துதானே, வேறு எப்படி வரும்? ஆனால் நான் அதில் கலந்திருந்த விஷத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அடம்பிடிக்கும் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவள் குரல் மாதிரி இருந்தது. நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இப்படியும் அதைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் மூச்சும் வந்தது. மூச்சு வந்ததும் வசனமும் வந்தது. “அவர் பெட்ஷீட்ஸ் ஆர் லேட்!” என்று கூரை அதிரக் கத்தினாள். அம்மா மன்னிப்புக் கேட்டாள், நாலு மணிக்குள் அனுப்புவதாகச் சொன்னாள், அத்தை நன்றி சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. பிறகுதான் போனை வைத்தாள்.

“நடுவுல ஒண்ணு சொன்னீங்களே, அது நம்ம பாடத்துல இல்லையே? யார் சொல்லிக்கொடுத்தா?” என்றார் மேடம்.

பரீட்சை முடிந்தது அம்மாவுக்கு இன்னும் உறைக்கவில்லை போலிருக்கிறது, இங்கிலீஷிலேயே பதில் சொன்னாள். “மை டாட்டர், மேடம். வெரி வெரி பேட் டீச்சர்.”

மேடம் சிரித்துவிட்டார். “பேக்கிங்காரர் உங்களவிட நல்லாவே பேசினார். ஆனா கஸ்டமர் திணறினதும் அவரே முந்திக்கிட்டுப் பேசிட்டார். நீங்க திங்கக்கிழமையிலேர்ந்து முன்னால வந்து உட்காருங்க.”

நான் மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“அழறியாடீ?”

“சோப்பு நெடி கண்ணுல பட்டுடுச்சு.”

“ம்ம். டேக் யுவர் டைம்” என்றாள் அந்தப் பொல்லாதவள்.

இப்போது அம்மா ஃபேனுக்குக் கீழே, சக்கர நாற்காலியில். சீப்பு அத்தைக்கும் ஆசை வந்துவிட்டது. தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்குப் படிக்க வருகிறாள். என் தலையெழுத்து, இவள் நேர்மாறு. தன் வசனத்தைக்கூட வாய் திறந்து சொல்ல மாட்டாள், எல்லாவற்றையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பா இன்னும் விரிப்பைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அது அநேகமாகப் பெண்டிங்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நேற்று சாயங்காலம், அப்பாவின் செருப்பு இரண்டையும் தரையோடு சேர்த்து ஒட்டுவதற்காகக் கோந்தைப் பிழிந்துகொண்டிருந்தேன். தலை நிமிர்ந்தால், எதிரே இடுப்பில் கை வைத்தபடி அம்மா. எப்போது மாடி ஏறி வந்தாள் என்றே தெரியவில்லை. மாடிப்படியில் இருமல் கேட்கவே இல்லை. இனிமேல் நான் எதையுமே நிம்மதியாகச் செய்ய முடியாது.