மாதையன் கொண்டுவந்த நல்ல பிளக்

ஸ்பேர்ஸ் கடை கவுன்டரில் உட்கார்ந்த முதல் மாதத்திலேயே, பொருள் வாங்க வந்த ஒருவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

கடை பாப்பிரெட்டிப்பட்டியில், பஸ் ஸ்டாண்டை ஒட்டி. மகனை அங்கன்வாடியில் சேர்த்த பிறகுதான் வேலைக்கு வந்தேன். கேஸ் அடுப்பை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். கடையிலும் அப்படித்தான். கொடுத்த பொருளையே திரும்ப வாங்கி எண்ணைப் பார்ப்பேன்.

முதலாளி குமரவேல் அண்ணன் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். பழைய காருக்கு வண்டிப் பெயரை மட்டும் கேட்டு ஸ்பார்க் பிளக் தரக்கூடாது. ஒரே பெயரில் கார்புரேட்டர் வண்டியும் இருக்கும், இன்ஜெக்‌ஷன் வண்டியும் இருக்கும், பிளக் வேறுவேறு. கழற்றிய பிளக்கை வாங்கிப் பார்த்து, அதே எண்ணில் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஒரு மதியம் மாதையன் என்ற விவசாயி டூ வீலரில் வந்தார். கர்ச்சீப்பில் சுற்றியிருந்த ஒரு பிளக்கை கவுன்டரில் வைத்து, வீட்டில் நிற்கும் மூன்று சிலிண்டர் காருக்கு அதே மாதிரி மூன்று கேட்டார். கார் மேட்டில் ஏறும்போது திணறுகிறதாம். மறுநாள் மனைவியை டயாலிசிஸுக்குத் தருமபுரி கூட்டிப்போக வேண்டுமாம்.

எண்ணைப் பார்த்து மூன்று பெட்டிகளை எடுத்துவிட்டேன். கொடுக்கக் கை வரவில்லை. திணறுகிற வண்டியிலிருந்து வந்த பிளக் இவ்வளவு சுத்தமாகவா இருக்கும்?

“மீதி ரெண்டு பிளக்கையும் பார்க்கலாங்களா?” என்றேன்.

“அது வீட்டுல, கார்லயே கெடக்குது. ஏம்மா, பிளக்கு வாங்க வந்தா ரேஷன் கார்டு கேப்பீங்க போலிருக்கே.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. மாதையன் முதலாளி பக்கம் திரும்பி, எதிர்க்கடையிலும் பிளக் கிடைக்கும் என்றார். குமரவேல் அண்ணன் என்னைப் பார்த்தார். காரணம் கேட்டிருந்தால் தெளிவாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் கேட்கவில்லை.

“அந்தம்மா கேக்குதுன்னா எதுக்காவது இருக்குமுங்க. ஒரு எட்டு போய்க் கழட்டிட்டு வந்துருங்க.”

மாதையன் முணுமுணுத்துக்கொண்டே போனார். அதன் பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. இவர் எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு போய்விட்டால்? நான்தான் வீணாகக் குழப்புகிறேனோ? உடம்புக்கு முடியாத ஒரு பெண்ணோடு வண்டி நடுவழியில் நின்றால்? அந்த மூன்று பெட்டிகளையும் அலமாரியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன்.

மாதையன் திரும்பி வந்தார். இரண்டு பிளக்கும் கரி பிடித்துக் கறுத்திருந்தன. துடைத்து, முதலில் தந்ததன் பக்கத்தில் நிறுத்தினேன். கறுப்பு இரண்டும் ஒரே உயரம். சுத்தமானதன் மரைப் பகுதி, அதாவது இன்ஜினுக்குள் திருகும் பகுதி, மட்டும் குட்டை. மாதையனை விசாரித்ததில், சமீபத்தில் வழியில் வண்டி நின்றபோது, மொரப்பூரில் யாரோ கையில் இருந்த புது பிளக்கை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். மரை குட்டையானால் பொறி விழும் முனை சிலிண்டருக்குள் எட்டாது. மேட்டில் திணறியது அதனால்தான். நான் முதலில் எடுத்த மூன்றையும் போட்டிருந்தால் மூன்று சிலிண்டரும் திணறியிருக்கும்.

“ஏங்க, இத ஏன் கொண்டாந்தீங்க?” என்று அண்ணன் கேட்டார்.

“கடைக்கு எடுத்தாரதுன்னா அழுக்கையா எடுத்தாருவாங்க? இருக்கறதுல நல்லதா பார்த்து எடுத்தாந்தேன்,” என்று மாதையன் சிரித்துவிட்டார். எனக்கும் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

சரியான எண்ணில் மூன்றைக் கொடுத்தோம். பிளக் முனையில் பொறி விழும் இடைவெளியையும் கேஜ் வைத்து அண்ணனே சரிபார்த்தார்.

அன்றிலிருந்து எங்கள் கடையில் ஒரே ஒரு பிளக்கை மட்டும் சாம்பிளாக வாங்குவதில்லை. எல்லாவற்றையும், அழுக்கோடு கொண்டுவரச் சொல்கிறோம். நீங்களும் அப்படியே கேளுங்கள். நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும். எனக்குச் சொல்லத் தெரியாத காரணத்தை நம்பி, வந்த வியாபாரத்தை நிறுத்திவைத்த குமரவேல் அண்ணனுக்கு நன்றி சொல்ல இன்னும் எனக்கு வார்த்தை அமையவில்லை.

மாதையன் பிளக் வாங்கிப்போன மறுநாள் சாயங்காலம் அவருடைய கார் கடை முன் நின்றது. பின்சீட்டில் இருந்த அவர் மனைவி கண்ணாடியை இறக்கி, என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“எப்பவும் எங்க நின்னுருமோன்னு கைப்பிடியப் புடிச்சிக்கிட்டே வருவேன். இன்னிக்குத் தருமபுரியிலருந்து தூங்கிட்டே வந்தேம்மா.”