படிக்காமல் போட்ட கையெழுத்து

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜூன் மாதம். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன், அதனால் பெயர் எதுவும் கேட்காதீர்கள். அட்மிஷன் நேரம் என்பதால் வாசலில் ஏழு நாட்டுக் கொடிகளைப் போட்டு, எங்களிடம் படித்தால் உலகமே கைக்குள் வந்துவிடும் என்கிற மாதிரி பேனர் கட்டியிருந்தார்கள். நானும் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டேதான் உள்ளே போனேன்.

பத்து மணிக்கு மெயிலைத் திறந்தேன். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை எழுதியிருந்தார். முந்தின நாளே வந்த மெயில், நான்தான் பார்க்கவில்லை. எங்களிடம் படித்து முடித்த ஒரு பெண் அங்கே மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அவளுக்கு நான் கொடுத்த பரிந்துரைக் கடிதமும், போன வருடம் வேறொரு மாணவனுக்குக் கொடுத்த கடிதமும் பெயரைத் தவிர வரிக்கு வரி ஒன்றாக இருக்கின்றன. இதற்கு விளக்கம் வேண்டும். மறுநாள், அதாவது நான் மெயிலைத் திறந்த அன்றைக்கே, இந்திய நேரம் இரண்டரை மணிக்கு வீடியோவில் பேச முடியுமா என்று கேட்டிருந்தார். விளக்கம் சரியில்லை என்றால் விண்ணப்பம் தள்ளுபடி என்று கடைசி வரியில் இருந்தது.

எங்கள் பக்கம் வழக்கம் என்னவென்றால், பரிந்துரைக் கடிதத்தை மாணவர்களே டைப் அடித்துக் கொண்டுவருவார்கள். சீனியரிடம் வாங்கியதில் பெயரை மாற்றினால் வேலை முடிந்தது. நாங்கள் கையெழுத்துப் போடுவோம். வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் வராண்டாச் சுவரில் வைத்துப் போட்டதெல்லாம் உண்டு. 'இந்த மாணவியை நான்கு வருடங்களாக மிக நெருக்கமாக அறிவேன்' என்று அதில் இருக்கும். நான் அந்தப் பெயரை எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தும் முகம் வரவில்லை.

துறைத் தலைவரிடம் ஓடினேன். அவர் மெயிலைப் படித்துவிட்டுச் சாவகாசமாகக் கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்குப் போயி பயந்துக்கறீங்களா மேடம்? அது எங்க டிபார்ட்மென்ட் ஃபார்மேட்டுன்னு சொல்லிச் சமாளிச்சிருங்க. இல்லீன்னா அந்தப் புள்ளைதான் காப்பியடிச்சிருச்சுன்னு சொல்லுங்க." இரண்டாவது யோசனை அரை நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். குமாரபாளையத்தில் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கிறாளாம். விஷயத்தைச் சொன்னதும், "வாரேனுங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள். படித்தபோது செய்தது எதுவாக இருந்தாலும் எடுத்து வரச் சொன்னேன்.

பஸ் பிடித்து அவள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. முகத்தைப் பார்த்தேன். தெரிந்த முகம்தான், மூன்றாவது பெஞ்சு. ஆனால் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கேட்டபோது சொன்னாள், அவள் அப்பா அடுத்தவர் தறியைக் கூலிக்கு ஓட்டுகிறார். அந்த ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் கிடையாது என்பதால் அந்த ஒரே இடத்துக்குத்தான் விண்ணப்பித்திருந்தாள். என்மேல் கோபப்படுவாள் என்று பார்த்தால், "எல்லாரும் அப்படித்தானுங்களே மேடம் குடுத்தோம். என்னாலதான் உங்களுக்கு இந்தத் தொந்தரவு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் பையில் மூன்றாம் வருட சாயமிடல் ரெக்கார்டு நோட்டு இருந்தது. புரட்டினேன். ஒரு சோதனையில் துணி திட்டுத்திட்டாகச் சாயமேறியிருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் சரியான விடையைப் பார்த்து எழுதிவிட, இவள் வந்ததை அப்படியே எழுதியிருக்கிறாள். நான் சிவப்பு மையில் 'தவறு, மறுபடி செய்' என்று கிறுக்கியிருக்கிறேன். அடுத்த மூன்று பக்கங்களில் அவள் மறுபடி செய்திருக்கிறாள். கல்லூரி ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீரில் ஒன்று, வீட்டிலிருந்து கேனில் கொண்டுவந்த காவிரித் தண்ணீரில் ஒன்று, இரண்டையும் கலந்து ஒன்று. மூன்று துணித் துண்டுகளை ஒட்டி, கோளாறு சாயத்தில் இல்லை, போர் தண்ணீரின் உப்பில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே என் கையெழுத்து. அதையும் நான் படிக்கவில்லை.

"ஏம்மா, இதை எங்கிட்ட சொல்லலை?" என்றேன்.

"நீங்க கையெழுத்துப் போட்டிருந்தீங்களே மேடம். படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேனுங்க."

மணி இரண்டே கால். உண்மையைச் சொன்னால் கடிதம் பொய் என்றாகும், அவள் கதை முடிந்தது. பொய் சொன்னால், அந்தப் பேராசிரியை இவளைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டாலே நான் மாட்டிக்கொள்வேன், அப்போதும் முடிந்தது. அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

வீடியோவில் பேராசிரியை கேட்ட முதல் கேள்வியே அதுதான். இந்தக் கடிதத்தை நீங்கள்தான் எழுதினீர்களா? இல்லை என்றேன். எழுதியது மாணவர்கள், படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான், தவறு என்னுடையது என்றேன். அப்படியானால் இவளைப் பற்றி உங்களுக்கு என்னதான் தெரியும் என்று கேட்டார். ஒன்றரை மணி நேரமாகத்தான் தெரியும் என்று சொல்லி, அந்த நான்கு பக்கங்களையும் ஒவ்வொன்றாகக் கேமராவில் காட்டினேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நீங்களே எழுதிய கடிதம் ஒன்றை இரண்டு நாளில் அனுப்புங்கள், முடிவு பிறகு என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

ஒரு பக்கக் கடிதம்தான். இரண்டு நாளும் உட்கார்ந்து எழுதினேன். அனுப்பிய பிறகு மூன்று வாரம் பதிலே இல்லை. தினமும் காலையில் அவளிடமிருந்து 'ஏதாவது வந்துதுங்களா மேடம்' என்று வாட்ஸ்அப் வரும். என் மகளின் ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை. ஒருநாள் அந்தச் செய்தி வரவில்லை. கேட்கப் பயந்து நானும் சும்மா இருந்தேன். மதியம் போன் செய்து, கிடைத்துவிட்டது என்று அழுதாள்.

இப்போது கையெழுத்துக்கு வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசிவிட்டு நானே எழுதுகிறேன். சக ஆசிரியர்களுக்கு அது கேலியாக இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் அதற்கு முந்தைய பத்து வருடங்களில், எந்த நாட்டிலிருந்தும் யாரும் கூப்பிட்டுக் கேட்காததால் நான் கடைசிவரை தெரிந்துகொள்ளாமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிள்ளைகளை நினைக்கும்போது, அன்றைய பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.