ஏழு ஒன்றுகளும் தனகோட்டி கண்டக்டரும்

செவ்வாய்க்கிழமை காலை டிப்போவிலிருந்து போன் வந்தது. "டிரைவரே, நம்ம தனகோட்டி கண்டக்டர் போயிட்டாருங்க." கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் பேருந்தில் பதினொரு வருடம் என்னோடு ஓடியவர் அவர். வளைவுகளில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஒடிக்கும்போதும் பின்னாலிருந்து எண்களைப் பற்றியே பேசுவார். எனக்கு எரிச்சலாக வரும். எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப் படிப்பை விட்டவன் நான்.

நாங்கள் ஒன்றாக ஓடிய காலத்தில் ஒருமுறை, இடஒதுக்கீட்டுக்காக ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. கள்ளக்குறிச்சியைத் தாண்டியதும், எங்கள் வண்டிக்கு முன்னும் பின்னும் புளியமரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பயணிகள் இறங்கி நடந்தார்கள். வண்டியை விட்டு நாங்கள் நகரக் கூடாது. மூன்று நாள் அங்கேயே கிடந்தோம்.

"ஏழு ஒன்ன வரிசையா எழுதுங்க. பதினோரு லட்சத்து சொச்சம் வருது. ஆறு ஒன்னுன்னா மூணுல போவும், ஏழுல போவும். இது எதுலயும் போவ மாட்டேங்குது" என்றார் தனகோட்டி.

"அதத் தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?"

"வண்டி எப்ப போவும்னுதான் தெரியல. இதயாவது தெரிஞ்சிக்கலாம்."

அது பகா எண்ணா என்று பார்க்க, ஆயிரத்து ஐம்பத்து நான்குக்குள் இருக்கும் நூற்று எழுபத்தேழு பகா எண்களால் வகுத்தால் போதுமாம். டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் ஆரம்பித்தார். இரண்டாம் நாள் யாரோ எறிந்த கல்லில் கண்ணாடி உடைந்து அவருடைய வலது கை கிழிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து பென்சிலை என்னிடம் நீட்டினார். "நீங்க போடுங்க டிரைவரே. கணக்கு கடிக்காது."

அதற்குப் பின் எல்லாம் நான் போட்டவை. ஒன்றில்கூட மீதியில்லாமல் போகவில்லை. மரங்களை அகற்றிய அன்று, "பகா எண்ணுதான். நீங்க போட்டதாலதான் முடிஞ்சிது" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. டிப்போவுக்குப் புதிதாக வருகிறவர்களை எல்லாம் பிடித்துவைத்து அந்த எண்ணைச் சொல்வேன். ஓய்வு பெறும்வரை சொன்னேன். அவர் பக்கத்தில் நின்று, "ஆமா, டிரைவரு போட்ட கணக்கு" என்பார்.

துக்கத்துக்குப் போனபோது அவருடைய மனைவி அந்தத் தாள்களை என் கையில் கொடுத்தார். புரட்டினேன். இருநூற்று முப்பத்தொன்பதால் வகுத்த இடத்தில், 1551-இல் 1434-ஐக் கழித்து நான் 127 என்று எழுதியிருந்தேன். கடன் வாங்கியதை மறந்துவிட்டேன். அதன்மேல் சிவப்பு மையில் 117 என்று திருத்தியிருந்தது. கீழே, அவருடைய சாய்ந்த எழுத்தில், மீதி பூஜ்யம். அது பகா எண்ணே இல்லை.

"கை கட்டு பிரிச்ச அன்னிக்கே பார்த்துட்டாருங்க" என்றார் அந்த அம்மா. "'டிரைவரு காதுல போட்டுடாத. வாழ்நாள்ல மொத மொத கணக்கப் பார்த்துச் சந்தோசப்படறாரு'ன்னாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, அதே தாளின் ஓரத்தில் முதலிலிருந்து வகுத்தேன். இந்த முறை கடன் வாங்கியதை மறக்கவில்லை. நான்காயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது தடவை, மிச்சமில்லாமல் போயிற்று.

சரியாகப் போட்டுவிட்டேன் கண்டக்டரே. ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.