அளவு ரவிக்கை

ரவிக்கைக் கொக்கி தெறித்த சத்தம் பெத்தம்மாளுக்குக் கேட்டது. எங்கே விழுந்தது என்பதுதான் தெரியவில்லை. மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலிருந்த ரப்பர்ப் பாலை வாளியில் வழித்துக்கொண்டிருந்தவள், குனிந்த வாக்கிலேயே நின்று, முந்தானையை இழுத்து மாரை மூடிக்கொண்டு, ஒரு கையால் சருகைக் கிளறினாள். எறும்புதான் கடித்தது. வாளிக்குள் கைவிட்டுத் துழாவினாள். முழங்கைவரை பால் ஒட்டியது.

"பாவி, துருப்பிடிச்ச கொக்கிய வச்சுத் தச்சிருக்கான்" என்றாள் மரத்தைப் பார்த்து.

பால் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி சல்லடையில் பாலை ஊற்றியபோது கொக்கி கிடைத்தது. வேலை வாங்கும் மண்டோர் கந்தசாமி அதை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது யார் வீட்டு நகை?"

வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் பெத்தம்மாளைப் பார்த்தார்கள். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் கொக்கி தெறிக்கிற உடம்பு ஒன்றுதான் இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் மண்டோர் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் யாருக்கும் நல்லதில்லை.

"இந்தா பெத்தம்மா. நீ வாளியோட வந்து சேர்றதுக்குள்ள மத்தவங்க பாலைக் கொட்டிட்டுச் சோறு தின்னு கை கழுவிடுறாங்க. ஒரு கை முந்தானையப் புடிக்குது, ஒரு கை இடுப்பப் புடிக்குது, வாளிய எந்தக் கையால தூக்குவ? திங்கக்கிழமை பாக்குறேன். இதே கதைன்னா புல்வெட்டுக்குப் போயிடு."

ரப்பர் விலை விழுந்துகிடந்த வருஷம் அது. மலாக்காப் பக்கம் லூபோக் சீனாவைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பாதி மரங்களைப் பால் வெட்டாமல் விட்டிருந்தார்கள். பால்வெட்டிலிருந்து தள்ளப்பட்டவர்கள் புல்வெட்டுக்குப் போனார்கள். புல்வெட்டிலிருந்து தள்ளப்பட்டவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். பெத்தம்மாளுக்கு ஊர் என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒரு குடிசைகூட இல்லை. ஆகவே மண்டோர் சொன்னது புல்லைப் பற்றியல்ல, கப்பலைப் பற்றி என்று அவளுக்கு விளங்கியது.

அவள் யாரையும் நம்பாதவள். சின்னப் பெண்ணாக இருந்தபோது, பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போகிற தூரம்தான் என்று சொல்லி அவளையும் அவள் அம்மாவையும் நாகப்பட்டினத்தில் கப்பலேற்றினார்கள். கடல் முடியவே இல்லை. அன்றிலிருந்து அவள் எதையும் இரண்டு தரம் பார்த்தாள். மீன்காரனின் தராசைத் தூக்கிப் பிடித்து அடித்தட்டைத் தடவுவாள். ஆஸ்பத்திரி மருந்தைக் கொடுத்தவனையே முதலில் முகர்ந்து பார்க்கச் சொல்வாள். கடைக்காரன் அரிசிப்படிக்குள் மெழுகை ஊற்றி உறைய வைத்திருந்ததைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். நகத்தால் சுரண்டி எடுத்து அவன் மேசைமேல் வைத்தாள். அதனால் லயத்து வீடுகளில் அவளுடைய சந்தேகத்துக்கு ஒரு மரியாதை இருந்தது.

ஆனால் தையற்காரர்கள் விஷயத்தில் மட்டும் அவளால் திருட்டைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு பிரசவத்துக்கும் அவள் மார்பு கனத்துக்கொண்டே வந்தது. தோள் இறங்கியது, முதுகு வலித்தது, மார்புக்கு அடியில் வேர்வை தேங்கிப் புண்ணானது. பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டிப் பார்த்தாள். நாலு மரம் தாண்டுவதற்குள் மூச்சு முட்டியது. ரவிக்கைக்குத் துணியை அதிகமாகவே வாங்கி, தையற்காரன் கண்ணெதிரே முழம் போட்டுக் கொடுத்தாள். வந்த ரவிக்கை போன ரவிக்கையைப் போலவே பிடித்தது; மூச்சை அடக்கி இழுத்தால்தான் கொக்கி மாட்டியது. மிச்சத் துணி எங்கே போயிற்று? ரெம்பியா ஊர்த் தையற்காரன் திருடன் என்று அலோர்காஜா ஊருக்குப் போனாள். அவனும் திருடன். அவனுக்கு அடுத்தவன் இவர்களுக்கு உறவாக இருக்கவேண்டும்.

"லூபோக் சீனாவுல நைனா முகம்மது நானா கடை இருக்குலா அக்கா" என்றாள் பக்கத்து வீட்டுக் கோமளா. "அவரு சம்சாரம் உள்ள உக்காந்து பொம்பளைங்களுக்குத் தச்சுக் குடுக்குது. ரவிக்கைக்குள்ள போடுறது. பாடின்னு பேரு. ஆஸ்பத்திரி நர்ஸம்மா எல்லாம் அதத்தான் போடுது. தாங்கிப் புடிக்குமாம்."

"ஆளு சேத்துவிட்டா உனக்கு என்ன தருவாங்க?"

"ஒரு கப்பல் டிக்கெட்டு. போவியா, சும்மா பேசிக்கிட்டு."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிளம்பினார்கள். பெத்தம்மாள் துணிமூட்டைக்குள் தன் அளவு ரவிக்கையை வைத்திருந்தாள். நீல நிறம். மலாக்கா டவுனில், இப்போது உயிரோடு இல்லாத ஒரு கிழவர் தைத்தது. இந்த நாட்டில் அவள் பார்த்த ஒரே யோக்கியமான தையற்காரர் அவர்தான். பழசாகிவிடக்கூடாது என்று அதை அவள் போடுவதில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்து, தைக்கக் கொடுக்கும்போது மட்டும் எடுப்பாள். ஆண்பிள்ளை உடம்பைத் தொட்டு அளவெடுக்க முடியாது. எல்லாப் பெண்களும் பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்துத்தான் தைத்துக்கொண்டார்கள்.

நைனா முகம்மது கடைமுன் அஞ்சடி நடைபாதையில் மிஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமல், துணியோடு பேசுவதுபோலப் பேசினார்.

"ரெடிமேடும் இருக்கு" என்று அட்டைப்பெட்டி ஒன்றை நகர்த்தினார். உள்ளே வெள்ளையாக, இரண்டு கிண்ணமும் நாடாவுமாக ஒன்று இருந்தது.

பெத்தம்மாள் அதைத் தூக்கிப் பார்த்தாள். "இதுல என் முழங்கைதான் நுழையும். ரெட்டைப் புள்ளைக்குத் தொப்பியா இது?"

நானாவின் மீசை கொஞ்சம் அசைந்தது. "சீனப் பெண்டுகளுக்கு வந்தது. உங்களுக்குத் தச்சாத்தான் சரிவரும். அளவு இருக்கா?"

அவள் நீல ரவிக்கையைக் கொடுத்தாள். அவர் அதை விரித்தார், பக்கத் தையலைப் பார்த்தார். அவர் கண் ஒரு விநாடி அவள் பக்கம் வந்து, சுட்டுக்கொண்டதுபோலத் திரும்பியது. உடனே உள்ளே பார்த்து, "ருக்கையா!" என்று கூப்பிட்டார்.

அந்தத் திரும்பலைப் பெத்தம்மாள் கவனித்தாள். ரெம்பியாக்காரனும் இப்படித்தான் திரும்பினான். அலோர்காஜாக்காரனும். எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த திருடர்கள்.

கடைக்குப் பின்னால் ஒரு அறை, திரை போட்டிருந்தது. கோமளா திரைக்கு வெளியே உட்கார்ந்துகொண்டாள். ருக்கையா ஒல்லியாக, உதட்டில் இரண்டு குண்டூசியோடு இருந்தாள். நீல ரவிக்கையை வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டு ஸ்டூல்மேல் வைத்தாள்.

"இது வேணாம்க்கா. உங்களத்தான் அளக்கணும்."

"சட்டை இருக்கும்போது என்னை எதுக்கு?"

"சட்டையா போட்டுக்கிட்டு நடக்கப்போவுது?"

பெத்தம்மாள் திரையின் ஓரத்தை இழுத்துப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் போய்க் கொக்கியை ஆட்டிப் பார்த்தாள். கூரை இடுக்கைப் பார்த்தாள். ருக்கையா நாற்காலி ஒன்றை இழுத்துத் திரைக்கு முட்டுக்கொடுத்தாள். பிறகு அளவு நாடாவை எடுத்து, மார்புக்குக் கீழே ஒரு சுற்று, மார்பின்மேல் ஒரு சுற்று, தோளிலிருந்து முதுகுக்கு ஒரு நீளம் என்று எடுத்தாள். எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாக்குக்கட்டியால் பலகையில் கோடு போட்டுக்கொண்டாள். சொல்லாததும் பெத்தம்மாளுக்கு உறுத்தியது.

கொண்டுவந்திருந்த துணியை ருக்கையா விரித்து, கையால் அளந்து, தலையை ஆட்டினாள்.

"பத்தாதுக்கா."

இதற்காகத்தான் பெத்தம்மாள் இத்தனை வருஷம் காத்திருந்தாள்.

"பத்தாதா? போன தடவை இதுல பாதியில தச்சாங்க! ஆளாளுக்கு அடிச்சது போதாதுன்னு நீயும் கத்திரி வைக்கப் பாக்கிறியா? ஏண்டி கோமளா, இதுக்குத்தான் இவ்வளவு தூரம் நடக்க வச்சியா?"

வெளியே மிஷின் சத்தம் நின்றது. ருக்கையா குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துத் திண்டில் குத்தினாள். நீல ரவிக்கையை எடுத்து நீட்டினாள்.

"இத ஒரு தடவை போட்டுக் காட்டுங்க."

"அத நான் போடுறதில்ல."

"எனக்காகப் போடுங்க."

கை நுழைந்தது. தோள் நுழைந்தது. முன்பக்கத்தின் இரண்டு விளிம்புகளும், பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள்போல, இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. இடையில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் உடம்பு. பெத்தம்மாள் இழுத்தாள். அக்குளில் தையல் முறுக்கியது.

"எப்பத் தச்சதுக்கா இது?"

"பெரியவன் வயித்துல வர்றதுக்கு முந்தி."

"பெரியவனுக்கு இப்ப என்ன வயசு?"

அவள் விளிம்பை இன்னொரு தரம் இழுத்தாள். திரைக்கு வெளியேயிருந்து கோமளா சொன்னாள்: "பெரியவன் மீசை வச்சிட்டான்லா!"

கோமளா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காப்பிக்கடைச் சீனன் எட்டிப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். பெத்தம்மாள் சிரிக்கவில்லை. மெல்லக் கைகளை உருவினாள். நீல ரவிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அதற்குள் யாரோ ஒளிந்திருப்பதுபோல.

"அப்ப எல்லாரும் இதப் பாத்துத்தான் தச்சாங்களா?"

"நூல் பிசகாமத் தச்சிருக்காங்க. நீங்க குடுத்த அளவு."

"மிச்சத் துணி?"

"அது எனக்குத் தெரியாது. எடுத்திருந்தாலும் எடுத்திருப்பாங்க."

அந்த ஒரு பதில்தான் பெத்தம்மாளைக் கொஞ்சம் தணித்தது. தையற்காரர்களுக்கு முழுக்கப் பரிந்து பேசாத ஒருத்தியிடம் பேசலாம் என்று பட்டது. ஆனாலும் கேட்டாள்.

"ஒருத்தனாவது சொல்லியிருக்கலாமில்ல? இது உனக்குச் சின்னதுன்னு?"

"எப்படிச் சொல்லுவான்? அம்மா, உங்க மாரு பெருத்திடுச்சுன்னு ஒரு ஆம்பளை கடைத்தெருவுல நின்னு சொன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

பெத்தம்மாள் யோசித்தாள். இஸ்திரிப்பெட்டி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்ததா என்பதைப் பொறுத்தது.

"அதான். அவங்களும் உசுரோட இருக்கணும்ல" என்றாள் ருக்கையா.

துணி போதாததற்கு ருக்கையா தன்னிடமிருந்த காடாத்துணியைச் சேர்த்தாள். நனைத்துக் காயவைத்தது, இனிச் சுருங்காது என்றாள். பெத்தம்மாள் அதைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்ட விட்டாள். வெட்டும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து, விழுகிற ஒவ்வொரு துண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மார்புக்கு அடியில் வரும் பட்டையை ருக்கையா மூன்று மடிப்பாக அகலமாகத் தைத்தாள். கனத்தைத் தாங்கவேண்டியது அந்தப் பட்டைதான், தோள் அல்ல என்றாள். தோள்பட்டை அகலமாக, முதுகில் குறுக்கே போய்ச் சேர்ந்தது. கொக்கியே கிடையாது. பக்கத்தில் துளை போட்டு நாடா.

"நாடா அறுந்துச்சுன்னா?"

"வேற நாடா போட்டுக்குங்க."

சாயங்காலம் போட்டுப் பார்த்தபோது பெத்தம்மாள் சட்டென்று திரும்பினாள். பின்னால் யாரோ நின்று இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருப்பதுபோல இருந்தது. யாரும் இல்லை. ருக்கையா எதிரே உட்கார்ந்து நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். பெத்தம்மாள் மூச்சை இழுத்துப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், இல்லாத வாளியைத் தூக்கி இறக்கினாள். குனிந்தபோது மார்பு அவளோடு வந்தது. அவளை முந்திக்கொண்டு போகவில்லை. இது நல்லதற்கா என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை சுலபமாக ஒரு வலி போகும் என்றால், போனது எங்கேயோ வந்து உட்காரத்தான் செய்யும்.

பேசிய கூலியைக் கொடுத்துவிட்டு, "இது நீ யாருக்கும் சொல்லாத" என்றாள்.

"எத?"

"அளவ."

"எனக்கே மறந்துபோச்சு" என்று ருக்கையா பலகையிலிருந்த கோடுகளை முந்தானையால் துடைத்தாள். பெத்தம்மாள் அருகில் போய், முழுக்க அழிந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

வீட்டில், ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கூண்டில் வேலை முடிந்து வந்த அவள் புருஷன் சுப்பன் பொட்டலத்தைப் பிரித்தான். தோள்பட்டையைப் பிடித்துத் தொங்கவிட்டு வெகுநேரம் பார்த்தான்.

"யாரு அளவெடுத்தா?"

"நானா பொண்டாட்டி."

"பொண்டாட்டிதான்னு நல்லாப் பாத்தியா?"

இருபது வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியவன். அவள் அதைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. விடிவதற்குமுன், பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனாள். மழை இல்லை. வழக்கமான மர நிரைகளில் வெட்டினாள். பால் எடுத்தபோது இரண்டு வாளிகளையும் கம்பில் மாட்டித் தோளில் வைத்து, எங்கும் இறக்காமல் கொட்டகைக்கு வந்தாள். அவளுக்கு முன்னால் பாதிப்பேர் வந்திருந்தார்கள், பின்னால் பாதிப்பேர் வந்தார்கள். மண்டோர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். எது மாறியிருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அன்றைக்கு வரிசையில் கடைசியாக வந்த கருப்பாயியைப் புல்வெட்டுக்கு மாற்றினார்கள்; அவளுக்கு இருமல். பெத்தம்மாளின் வலது தோளில் பட்டை கொஞ்சம் உராய்ந்து சிவந்திருந்தது. மத்தியானம் பெத்தம்மாள் பாடியைத் துவைத்து, கொடியில் போட்டு, யார் கண்ணிலும் படாமல் அதன்மேல் சேலையை விரித்தாள். காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் போன ஒருத்தி வெயிலில் என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, சேலை காய்கிறது என்றாள்.