கரையிலிருந்து ஒரு சாடை

சேவூரில் நானும் என் மனைவியும் பவர்லூம் ஓட்டுகிறோம். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது, எல்லாம் கைச்சாடைதான். போன கோடையில் அந்தமான் போனோம். அங்கே கடற்கரையில் ஒருவர், பலகையில் நின்று அலைமேல் சறுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

"இந்த வயசுல கடல்ல ஆடிகினு இருக்கணுமா நீங்க?" என்றாள்.

"உனக்கு இன்னா தெரியும், சும்மா இரு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அலை வரும்போது பயிற்சியாளர் பலகையைத் தள்ளிவிட்டு, "எழுந்திருங்க" என்று கத்துவார். கடல் சத்தத்தில் எனக்குக் கேட்காது. தாமதமாக எழுந்து கவிழ்வேன். மூக்கெல்லாம் உப்புத் தண்ணீர். போதுமென்று கரையைப் பார்த்தால், அவள் எழுந்து நின்றிருந்தாள். கடைசியாக ஒருமுறை பலகையில் படுத்தேன். அலை தூக்கியதும் அவள் கை மேலே போனது. எங்கள் தறிக்கூடத்தில் அதற்கு, 'தறியைப் போடு' என்று அர்த்தம். சட்டென்று எழுந்தேன். கரைவரை நின்றபடியே வந்தேன்.

கரையேறியதும், அவள் முகத்தைத் திருப்பியபடியே விரல்களைக் குவித்து வாயருகே காட்டினாள், சாப்பிட வரச்சொல்லி. இத்தனை வருஷத்தில் மன்னிப்புக் கேட்க மட்டும் எங்களிடம் ஒரு சாடை இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டு காதையும் பிடித்துக் காட்டினேன்.